அணைக்கட்டு அளவுகோலும் ஆடு கட்டும் வளையமும்

தம்பிகளா,

நேற்றுக் காலை பூந்தமல்லியில் என் ஷேர் ஆட்டோவில் நீங்கள் இரண்டு பேரும் ஏறினீர்கள். ஒருவன் மடியில் வெள்ளைப் பெயிண்ட் டப்பா, இன்னொருவன் மடியில் கறுப்பு டப்பா. நடுவில் முருங்கைக்கீரைக் கட்டோடு உட்கார்ந்திருந்த அம்மா, "பெயிண்ட்டு எம் பொடவைல பட்சின்னா நீதான் தோச்சிக் குடுக்கணும், சொல்ட்டேன்" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வழி முழுக்கக் கண்ணாடியில் அந்த டப்பாக்களையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன்.

அணைக்கட்டில் இறங்கும்போது, நெட்டையாக இருப்பவனின் சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அது என்ன தாள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இதை எழுதுகிறேன். பிழை இருந்தால் உங்களில் பி.ஈ. படித்தவன் திருத்திக்கொள்ளட்டும். நான் எட்டாவதில் கணக்கில் தோற்றவன். அந்தத் தோல்விக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தம் உண்டு.

வழக்கமாக, ஓய்வு பெற்ற ஒருவர் இளைய ஊழியர்களுக்கு அனுபவம் சொல்கிறார் என்றால் அவருக்கு நரைத்த மீசையும் மூக்குக்கண்ணாடியும் இருக்கும். சால்வை போர்த்தியிருப்பார்கள். எனக்கு வயது முப்பத்தொன்று. மீசையே இப்போதுதான் ஒழுங்காக வருகிறது. அந்த அணைக்கட்டில் ஏழு வருடம் ஒப்பந்த லஸ்கராக, அதாவது மதகுக் காவலாளாக, ஷட்டர் திருகினேன். பிறகு ஓய்வு பெற்றேன். சரியாகச் சொன்னால், ஓய்வைக் கொடுத்து அனுப்பினார்கள். என் ஒருவன் இடத்துக்கு உங்கள் இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதில் கொஞ்சம் பெருமைதான்.

வேலையைப் பற்றி நான் சொல்லித்தர எதுவும் இல்லை. ஷட்டரை எந்தப் பக்கம் திருகினால் ஏறும் என்பதை முதல் நாளே கை கற்றுக்கொள்ளும். கொப்புளம் வந்தால் தேங்காய் எண்ணெய். அவ்வளவுதான். நான் சொல்ல வந்தது ஒரு சுவரைப் பற்றி, அதில் நான் அடித்த பெயிண்டைப் பற்றி, ஜரீனா அக்காவின் ஆட்டைப் பற்றி.

கூவம் என்றால் சென்னைக்காரன் மூக்கைப் பிடிப்பான். நம் பக்கம் அது ஒழுங்கான நதி. வருடத்தில் பத்து மாதம் மணல், ஒரு மாதம் ஈரம், ஒரு மாதம் வெறி. அந்த வெறியைத் தடுத்து, தண்ணீரை வாய்க்காலில் திருப்பி ஏரிக்கு அனுப்பத்தான் நம் அணைக்கட்டு. ஐந்து ஷட்டர். பக்கவாட்டுச் சுவரில் அடி அடியாகக் கோடு போட்ட அளவுகோல். விதி இதுதான்: தண்ணீர் எட்டடிக்குக் கீழே இருக்கும்வரை ஷட்டர் இறங்கியே இருக்க வேண்டும், ஏரிக்குத் தண்ணீர் வேண்டும். எட்டடியைத் தொட்டால், பொறியாளர் உத்தரவு வாங்கி ஐந்தையும் தூக்க வேண்டும்.

ஏன் எட்டு? அணைக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே கரையில் ஒரு பழைய கல்மண்டபம் இருக்கிறதல்லவா, பதினாறு தூண், தூணில் மீன், குரங்கு, அடையாளம் தெரியாத இன்னொரு மிருகம். அந்தக் காலத்தில் திருமழிசைக்கும் திருவள்ளூருக்கும் கோயிலுக்கு நடந்துபோனவர்கள் தங்கியதாம். மண்டபத்துக்குப் பின்னால் பள்ளத்தில் ஒரு தெரு. முப்பது, நாற்பது வீடு இருக்கும். எட்டடி தாண்டினால் தண்ணீர் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பள்ளத்தில் இறங்கும். அதனால் எட்டு. காரணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. தெருக்காரர்களுக்குத் தெரியும்.

அந்தத் தெருவுக்கு ஒரு பழக்கம் உண்டு. மழை வலுத்தால் டி.வி. பார்க்கமாட்டார்கள், லஸ்கருக்குப் போன் அடிப்பார்கள். "எத்தினி?" ஒரே வார்த்தை. வணக்கம் கிடையாது, பேர் கிடையாது. "மூணு" என்றால் போனை வைத்துவிட்டுச் சோறு வடிப்பார்கள். "ஏழு" என்றால் மூட்டை கட்டுவார்கள். உங்கள் போன் நம்பரும் இந்நேரம் அந்தத் தெருவில் எல்லாச் சுவரிலும் கரியால் எழுதப்பட்டிருக்கும். போய்ப் பாருங்கள்.

இப்போது என் சாதனைக்கு வருகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு சனிக்கிழமை, நம் உதவிப் பொறியாளர் ஏ.ஈ. சார் ஜீப்பிலிருந்து இறங்காமலே கூப்பிட்டார். மறுநாள் வரலாற்று நடை வருகிறதாம். அம்பத்தூர்ப் பக்கத்து ஐ.டி. கம்பெனிக்காரர்கள், தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாகப் பழைய இடங்களைப் பார்க்க நடப்பார்களாம். கூடவே ஒரு பெரிய அதிகாரியும் குடும்பத்தோடு வருகிறாராம்.

"அளவுகோலப் பாருடா, அழுக்குப் புடிச்சுக் கிடக்கு. எண்ணெல்லாம் தூரத்துல இருந்து தெளிவாத் தெரியணும். சாயங்காலத்துக்குள்ள முடி" என்றார்.

நிரந்தர லஸ்கர் ஒருவர் இருந்தார். அணைக்கட்டுக் காவல் குடிசையின் நாற்காலிக்கும் அவருக்கும் தனியாக ஒரு உறவு. அவர் சுவர்ப் பக்கம் எட்டிப்பார்த்து எத்தனை வருடம் ஆனதோ. "போ நைனா, நீதான் கையெழுத்து நல்லா எழுதுவ" என்று என்னை அனுப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

புது டேப், இரண்டு டப்பா, ஒரு ஸ்டூல். கூவம் காய்ந்து கிடந்தது. சுவரடியில் மணல் மெத்தை மாதிரி இருந்தது. ஸ்டூலே தேவைப்படவில்லை, மணலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சுவர் தொடங்கும் இடத்தில் சைபர். அங்கிருந்து டேப் பிடித்து ஓரடிக்கு ஒரு கோடு.

கோடு போட்டுக்கொண்டே மேலே போனால், பாசிக்குக் கீழே கல்லில் ஏற்கெனவே எண்கள் செதுக்கியிருந்தன. எந்தக் காலத்து உளியோ. நான் ஆறு என்று எழுத வேண்டிய இடத்தில் கல்லில் எட்டு. ஏழுக்கு நேராக ஒன்பது.

தம்பிகளா, இந்த இடத்தில் ஒரு மனிதன் யோசித்திருக்க வேண்டும். நானும் யோசித்தேன். கல் பழசு, டேப் புதுசு. ஆகவே கல் தப்பு என்று முடிவு செய்தேன். செதுக்கிய எண்களைச் சுண்ணாம்புப் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து மழமழவென்று ஆக்கி, மேலே என் எண்களை எழுதினேன். எட்டுக்குக் கீழே ஒரு சின்னப் பூ வேறு போட்டேன், அழகுக்கு.

மறுநாள் நடைக்காரர்கள் வந்தார்கள். முன்னால் ஒருவன் கழுத்தில் மைக்கை மாட்டிக்கொண்டு, "இது வெள்ளைக்காரங்க காலத்து அளவுகோல்" என்றான். பெயிண்ட் இன்னும் காயவில்லை. ஒரு குழந்தை தொட்டுப் பார்த்து விரலைச் சட்டையில் துடைத்தது. பெரிய அதிகாரியின் மனைவி அளவுகோலுக்கு முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். மண்டபத்தூணில் இருக்கும் அந்த மூன்றாவது மிருகம் என்ன என்று என்னைக் கேட்டார்கள். "ஏ.ஈ. ஆபீஸ் ஹெட் கிளார்க்குங்க" என்றேன். பாதிப் பேர் குறித்துக்கொண்டார்கள்.

பழசைப் பார்க்க வந்தவர்களுக்காகப் பழசை அடைத்துவிட்டுப் புதுசைக் காட்டினேன் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. தெரு முழுக்க எனக்கு ஸ்கேலு என்று பேர் வைத்ததுதான் பெரிதாகத் தெரிந்தது. பேரை வைத்தவள் ஜரீனா அக்கா.

அக்காவைப் பார்த்திருப்பீர்கள். மண்டபத்து வாசலில் ஆப்பக்கடை. வீட்டுக்காரர் பூந்தமல்லி பஜாரில் தையல் வேலை பார்த்தவர், இப்போது வீட்டிலேயே ஒரு மிஷின் போட்டுத் தைக்கிறார். ஒல்லியான பாய், ஊசியில் நூல் கோக்கும்போது ஊசி எது, பாய் எது என்று தேட வேண்டும். அக்காவுக்கு நாலு ஆடு. மண்டபத்தின் படித்துறையில், கீழே இறங்கும் படிகளுக்கு நடுவில், ஒரு இரும்பு வளையம் கல்லில் பதித்திருக்கிறது. அதில்தான் ஆடுகளைக் கட்டுவாள். நடைக்காரர்களிடம் அதை யாரோ ஒரு நவாப் யானை கட்டிய வளையம் என்று சொல்லிவைத்தேன். அக்கா என்னை விட்டுக்கொடுக்கவில்லை. "ஆமாங்க, யானைதான். இப்ப எளச்சிப் பூட்ச்சி, அதான் ஆடு மாதிரி கீது" என்றாள்.

இரண்டு மழைக்காலம் போனது. இரண்டிலும் கூவம் முழங்கால்கூட நனையவில்லை. நான் தினமும் "ஒன்று", "ஒன்றரை" என்று பதிவேட்டில் எழுதினேன். எல்லாம் மேலே போனது. மேலே இருந்து எதுவும் கீழே வரவில்லை.

மூன்றாவது மழையில் வந்தது.

மூன்று நாள் விடாமல் பெய்தது. நிரந்தர லஸ்கர் மச்சினி கல்யாணத்துக்கு லீவு. அணைக்கட்டில் நான் மட்டும். காலை பத்து மணிக்குக் கூவம் வெறித்துக்கொண்டு வந்தது. வாழைமரம், பிளாஸ்டிக் நாற்காலி, யாருடைய கூரையோ. கீழே தரைப்பாலத்தில் காலையிலேயே போலீஸ் தடுப்பு போட்டு ஆட்களை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கவலை இல்லை.

போன் அடித்தது. "எத்தினி?"

அக்கா குரல். எட்டிப் பார்த்தேன். தண்ணீர் என் அழகான ஆறாம் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"ஆறடிக்கா. இன்னும் ரெண்டு அடி கீது. ஆப்பம் சுடு."

"டேய், நல்லாப் பாத்துச் சொல்லு. வளையம் முழுகிட்ச்சி."

"எந்த வளையம்?"

"ஆடு கட்ற வளையம்டா. யான கட்ற வளையம்னு சொல்லிக்கினு இருந்தியே, அது. ஆட்ட அவுத்து மேல மண்டபத்துத் தூண்ல கட்டிட்டு வந்து போன் அடிக்கிறேன்."

"அக்கா, இது சர்க்கார் ஸ்கேலு. சர்க்கார் பெருசா, ஒன் ஆடு பெருசா?"

"பெருவெள்ளத்தப்ப நீ எங்கடா இருந்த? அன்னிக்கி இதே வளையம் முழுகுச்சி. அப்ப இருந்த லஸ்கரு கரைல நின்னுக்கினு எட்டு, எட்டுன்னு கத்தினாரு. நாங்க ஓடினோம். இன்னிக்கி வளையம் முழுகியிருக்கசொல்ல நீ ஆறுன்ற. ரெண்டு அடி இன்னாடா ஆச்சி? கல்லு வளந்துட்ச்சா?"

"ஒன் படிக்கட்டு எறங்கியிருக்கும்க்கா. ஆடு வெயிட்டு" என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தேன்.

வைத்ததும் சிரிப்பு நின்றது.

இரண்டு அடி. அந்தக் கணக்கு எனக்குப் பழக்கமான கணக்கு. நான் ஆறு எழுதிய இடத்தில் கல்லில் எட்டு. ஏழுக்கு நேராக ஒன்பது. அன்று நான் சம்மணம் போட்டு உட்கார்ந்த மணல் ஞாபகம் வந்தது. மெத்தை மாதிரி இருந்தது என்றேனே, அந்த மெத்தையின் கனம் இரண்டு அடி. சுவர் அதற்கும் கீழே இறங்கிப் போயிருக்கிறது. கல் செதுக்கியவன் அடியிலிருந்து அளந்திருக்கிறான். நான் மெத்தையிலிருந்து அளந்திருக்கிறேன்.

எட்டாவதில் கணக்கு வாத்தியார் சிவப்பு மையில் போட்ட சுழி அத்தனை வருடம் கழித்து மழையில் கண்முன் வந்தது.

இனி நான் செய்ததைக் கவனியுங்கள். பாதி சரி, பாதி தப்பு. எது எது என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

விதிப்படி முதலில் ஏ.ஈ. சாருக்குச் சொல்ல வேண்டும். உத்தரவு வரும்வரை வெளியாளிடம் வாயைத் திறக்கக் கூடாது. நான் முதலில் அக்காவுக்கு அடித்தேன்.

"அக்கா, எட்டு."

"இப்பத்தானடா ஆறுன்ன?"

"எட்டுக்கா. ஸ்கேலு தப்பு. நாந்தான் தப்பாப் போட்டேன். தெருவக் காலி பண்ணு."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "ஒன்ன அப்பறம் வச்சிக்கிறேன்" என்றாள். அடுத்து, ஆப்பச் சட்டியைக் கரண்டியால் அடிக்கும் சத்தம் போனிலேயே கேட்டது. "எல்லாம் ஊட்ட உட்டு வெளிய வாங்க! எட்டு! எட்டு!" போனை நிறுத்தாமலே ஓடியிருக்கிறாள்.

பிறகு ஏ.ஈ. சார்.

"சார், எட்டடி வந்துட்ச்சி. ஷட்டர் தூக்கணும்."

"அரை மணிக்கு முன்னாடி அஞ்சரைன்னு மெசேஜ் போட்டிருக்க. அதுக்குள்ள எட்டா? போட்டோ அனுப்பு."

அனுப்பினேன். தெளிவான போட்டோ. தூரத்திலிருந்து தெரியும்படி எழுதச் சொன்னாரல்லவா, அப்படியே தெரிந்தது.

"ஆறுதானடா காட்டுது? குடிச்சிருக்கியா?"

"இல்ல சார். போட்டோ பொய் சொல்து."

"போட்டோ எப்படிடா பொய் சொல்லும்?"

"ஸ்கேலே பொய் சார். நான் பெயிண்ட் அடிச்சேன்ல, ரெண்டு அடி தப்பா அடிச்சிட்டேன். கல்லுல வேற நம்பர் இருந்துச்சி. பட்டி வச்சி அடச்சிட்டேன்."

அவர் இடத்தில் இருந்து பாருங்கள். ஆறடியில் ஷட்டரைத் தூக்கி, ஏரிக்குப் போக வேண்டிய தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிட்டு, நாளைக்கு மேலே கேட்டால் என்ன சொல்வார்? எட்டாவது பெயிலான பையன் போட்டோவை நம்பாதே என்றான், நம்பவில்லை என்றா? அவர் மேல் எனக்குக் கோபம் நிறைய உண்டு. இந்த நிமிடத்துக்காக இல்லை.

"கல்லைக் காட்டு" என்றார் கடைசியில். "கல்லுல எட்டு இருந்தா காட்டு. அப்பத்தான் சொல்வேன்."

சுவர்மேல் குப்புறப் படுத்தேன். தலையும் கையும் தண்ணீருக்கு மேல் தொங்க, கால் மட்டும் இந்தப் பக்கம். வீட்டுச் சாவியால் ஆறைச் சுரண்டினேன். நல்ல பெயிண்ட் தம்பி, உரியவே மாட்டேன் என்கிறது. அன்று ஒழுங்காக வேலை செய்தேன் என்பதற்கு அதுதான் தண்டனை. நகம் பிய்ந்தது. பட்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பொடிந்து விழுந்தது. முதலில் மேல்சுழி. பிறகு கீழ்ச்சுழி. உளி போன பள்ளத்தில் முழு எட்டு. அந்த எட்டின் அடியைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது.

போட்டோ அனுப்பினேன். நீல நிறக் குறி விழுந்தது. போன் வந்தது.

"தூக்கு. அஞ்சையும் தூக்கு."

தனி ஆளாக ஐந்து ஷட்டர். முதலாவதைப் பாதி ஏற்றும்போதே கை விட்டுப்போனது. திரும்பிப் பார்த்தால் தெருவிலிருந்து ஆட்கள் ஓடி வருகிறார்கள், பிள்ளைகளை ரோட்டு மேல் ஏற்றிவிட்டு. முன்னால் பாய், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு. கைப்பிடியில் அவர் தொங்கினார், கைப்பிடி அசையவில்லை. "பாய், நீங்க எண்ணுங்க போதும்" என்றேன். "எண்றதுல நீதான் பெரிய ஆளாச்சே" என்றார். ஊர் பற்றி எரிந்தாலும் பூந்தமல்லிக்காரனுக்கு வாய் குறையாது.

ஐந்தும் ஏற ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் தண்ணீர் மண்டபத்தைச் சுற்றிவிட்டது. பள்ளத்தின் கோடியில் மூன்று வீட்டுக்குள் இடுப்பளவு புகுந்தது. ஒரு வீடு அக்காவுடையது. பாயின் தையல் மிஷின் சேற்றில் சாய்ந்தது. ஆள் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மண்டபத்துத் தூணில் கட்டியிருந்த நாலு ஆட்டில் மூன்றைத்தான் அவிழ்க்க முடிந்தது. ஆப்பச் சட்டியை அடித்துக்கொண்டு தெருமுழுக்க ஓடியவளுக்குத் தன் ஆட்டிடம் திரும்ப நேரம் கிடைக்கவில்லை. பாய் பாதித் தண்ணீரில் போய் மூன்றின் கயிற்றை அறுத்துவிட்டார். நாலாவது, அந்த அடையாளம் தெரியாத மிருகம் செதுக்கிய தூணோடு கிடந்தது.

நான் போட்ட இரண்டு அடியின் விலை அந்த ஆடு. நான் அன்று பட்டி வைக்காமல் கல் சொன்னதைக் கேட்டிருந்தால் மிஷினும் நனைந்திருக்காது.

சாயங்காலம் தண்ணீர் இறங்கியபின் போனேன். அக்கா செத்த ஆட்டின் பக்கத்தில், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கயிற்றின் மறுமுனையை எடுத்துக் கொடுத்தேன். அவளே பேசினாள்.

"சர்க்கார் பெருசா, ஆடு பெருசா?"

"ஆடுக்கா."

"எட்டுன்னு சொல்ல ஒனக்கு ரெண்டு போன் ஆச்சி. ஆட்டுக்கு ஒரு வளையமே போதும், ஸ்கேலு தேவப்படல. போ, போய்க் கைக்கு எண்ணெ தடவு."

இதோடு முடிந்திருந்தால் நான் இன்றும் ஷட்டர்தான் திருகிக்கொண்டிருப்பேன். உங்களோடு டீ குடித்துக்கொண்டு, உங்களைக் கலாய்த்துக்கொண்டு. விஷயம் பிறகுதான் சூடு பிடித்தது.

ஒரு மாதம் கழித்து நம் ஏ.ஈ. சாருக்கு மேடையில் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். ஆபீஸில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும், பார்த்திருப்பீர்கள். என்னவென்று எழுதியிருக்கிறது? தண்ணீர் ஆறடியாக இருக்கும்போதே ஆபத்தை முன்கூட்டி உணர்ந்து ஷட்டர்களைத் திறந்து மக்களைக் காத்தமைக்காக. ஆறடியாக இருக்கும்போதே! அவர் மேலே அனுப்பிய அறிக்கையில் முதல் போட்டோவை மட்டும் வைத்திருக்கிறார். இரண்டாவது போட்டோ, என் நகம் பிய்ந்த போட்டோ, எங்கே போனதோ. கூடவே அளவுகோலின் படம் ஒன்று, சுவரில் என் பெயிண்ட் எப்படி இருந்ததோ அதை அப்படியே தாளில் வரைந்து. பூவை மட்டும் விட்டுவிட்டார்கள். மூன்று வீட்டில் புகுந்த வெள்ளத்துக்கு மழைநீர்த் தேக்கம் என்று பேர்.

சான்றிதழ் வந்த வாரமே என்னைக் கூப்பிட்டார். நல்ல மூடில் இருந்தார். உட்காரச் சொன்னார், அது முதல் தடவை.

"உன் தப்பு எதுவும் வெளிய வராமப் பாத்துக்கிட்டேன். புரியுதா?"

"புரியுது சார்."

"அளவுகோல் சுரண்டிக் கிடக்கு. இந்தப் படத்துல இருக்கிற மாதிரி திருப்பி அடிச்சிடு."

படத்தைப் பார்த்தேன். என் ஆறு, என் ஏழு.

"சார், இது தப்பான ஸ்கேலு. அடுத்த தபா இதுல எட்டு காட்டசொல்ல உள்ள பத்து அடி நிக்கும். தெருவே இருக்காது சார்."

"மூணு வருஷப் பதிவேடு இந்த அளவுலதான் போயிருக்கு. அறிக்கையும் இதுலதான் போயிருக்கு. இப்ப ரெண்டு அடி தப்புன்னா, அத்தனையும் தப்புன்னு நானே எழுதிக் கொடுக்கணும். கல்லு யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்டா. நான் சொல்லணும்."

"அடுத்த வெள்ளத்துக்கு யாரு சார் பதில் சொல்றது?"

"நான் ட்ரான்ஸ்ஃபர் கேட்டிருக்கேன்" என்றார். கெட்டவர் மாதிரி சொல்லவில்லை. ஊருக்குப் போகப் பஸ் பிடிக்க வேண்டியவர் மாதிரி சொன்னார்.

டப்பாக்களை வாங்கிக்கொண்டு போனேன். ஒரு உளியையும் எடுத்துப்போனேன். பட்டி முழுவதையும் கொத்தி எடுத்தேன். கல்லில் எந்த எண்ணோ அதே எண்ணை, அதன் பள்ளத்துக்குள்ளேயே கறுப்பால் நிரப்பினேன். பக்கத்தில் அக்கா நின்று வளையத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்து, "சரியா கீது. பூ போடாத" என்றாள்.

அந்த மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கத் தேவை எழவில்லை என்று ஒரு வரி. நிரந்தர லஸ்கர் நாற்காலியில் இருந்தபடியே, "இன்னா நைனா, ஆறுன்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே" என்றார். அவர் வீடு திருநின்றவூரில், மேட்டில்.

ட்ரான்ஸ்ஃபர் இன்னும் வரவில்லை என்று கேள்வி. அதனால்தான் உங்கள் மடியில் டப்பா, பையில் அதே படம்.

உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குத் தகுதி இல்லை. உங்களில் ஒருவன் பி.ஈ., ஒருவன் டிப்ளமா. வேலைக்குப் புதுசு, வீட்டில் எதிர்பார்ப்பு, மறுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆட்டோ ஓட்டும் நானே சாட்சி. எனவே மறுக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன், சுவரடியில் இருக்கும் மணலைக் கையால் தோண்டுங்கள். முழங்கை போகும், தோள் போகும், சுவர் இன்னும் கீழே போய்க்கொண்டிருக்கும். பிறகு மண்டபத்துப் படியில் போய் அந்த வளையத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, தெருவைத் திரும்பிப் பாருங்கள். அக்கா ஆப்பம் கொடுப்பாள். அங்கே ஒரு கிடாக்குட்டி திரிகிறது, அதற்கு ஸ்கேலு என்று பேர். கூப்பிட்டால் அதுவும் திரும்பும், நானும் திரும்புவேன்.

மழை இன்னும் ஒரு மாதத்தில் வந்துவிடும். முதல் பெரிய மழைக்கு உங்கள் போன் அடிக்கும். பேர் சொல்லமாட்டாள், வணக்கம் சொல்லமாட்டாள். "எத்தினி?" என்று மட்டும் கேட்பாள். நீங்கள் சொல்வதை வைத்து அந்தத் தெரு சோறு வடிக்கும், இல்லை என்றால் மூட்டை கட்டும்.

நெட்டைத் தம்பி, உன் சட்டைப் பையில் இருக்கும் தாளை விரித்துப் பார். கீழே மூன்று கையெழுத்தும் ஒரு முத்திரையும் இருக்கும். அத்தனையும் அசல். அளவு மட்டும் நான் போட்டது, மணல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து.